பச்சைக் கோடு போடாத பன்னிரண்டு

வாடகைக்காரரின் கடையிலிருந்து எந்தச் சாமானும் பச்சைக் கோடு இல்லாமல் வெளியே போகாது. நாற்காலியென்றால் முதுகுக்குப் பின்னால், மேசையென்றால் காலின் உள்பக்கத்தில், அண்டாவென்றால் பிடிக்குக் கீழே, ஒலிபெருக்கியென்றால் அடியில். சுண்டுவிரல் அகலத்தில் இரண்டு கோடுகள், ஒன்றையொன்று தொடாமல். பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் கல்லாவுக்குக் கீழேயே இருக்கும். கடையோடு ஒட்டிய வீடு என்பதால் கோடு போடுவது பெரும்பாலும் அவருடைய மனைவியின் வேலை. அந்த அம்மாளுக்குக் கை நடுங்காது.

"கோடு இல்லைன்னா இது என் சாமான்னு நான் சொல்றதை எவன் கேப்பான்?" என்பார் வாடகைக்காரர். கல்யாண வீட்டில் காணாமல் போன ஒரு கரண்டிக்காக, மணமகன் வீட்டாரின் சமையலறை வரைக்கும் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்து வந்தவர் அவர். துக்க வீட்டிலும் அப்படித்தான். அழுதுகொண்டிருப்பவரை எழுப்பி நாற்காலியைச் சரிபார்த்திருக்கிறார். ஊரில் அவரை யாரும் நல்லவர் என்று சொன்னதில்லை, ஏமாந்தவர் என்றும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர்தான் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைக் கோடு போடாமல் வெளியே அனுப்பினார். அந்த யோசனையைக் கொண்டுவந்தவர் 'சேவை'.

சேவை என்பது அவருடைய பெயரல்ல. எந்தப் பேச்சையும் "சேவைன்னு வந்துட்டோம்" என்று ஆரம்பிப்பதால் தெருவில் வைத்த பெயர். அவர் ஓர் அறக்கட்டளையின் செயலாளர். தலைவர் அவருடைய மனைவி, பொருளாளர் அவருடைய மனைவியின் தம்பி. மூன்று பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுவதால் செயற்குழு தினமும் கூடியது. மரம் நடும் மானியம் வந்த காலத்தில் மரத்துக்குச் சேவை செய்தார்கள். தண்ணீர் மானியம் வந்தபோது தண்ணீருக்குச் செய்தார்கள். பிறகு வட்டார மின்னணுக் கட்டமைப்பு மற்றும் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. அறக்கட்டளையின் பலகையில் இருந்த மரத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் ஒரு மவுஸ் வரைந்தார்கள். வரைந்தவர் மரத்தின் வேரை அழிக்க மறந்துவிட்டதால் அந்த மவுஸுக்கு வேர் இருந்தது.

நாற்காலிக்கும் மேசைக்கும் சொல்லிவிட்டுப் போக வந்த சேவை, கல்லா அருகே நின்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணே, சேவைன்னு வந்துட்டோம். கம்ப்யூட்டர் வாடகைக்குக் கிடைக்குமா?"

"கம்ப்யூட்டரா? அதை வாங்கத்தானே சார் உங்களுக்கு மானியமே குடுத்தாங்க?"

"குடுத்தாங்க, இல்லைங்கல. செலவு முந்திக்கிச்சு. இப்ப ஆய்வுக்கு ஆள் வர்றாங்க. ஒரு நாளைக்குத்தான். காலைல வெச்சு சாயங்காலம் எடுத்துக்கலாம். நம்ம மட்டும் இல்லண்ணே, வட்டாரத்துல இருக்குற அத்தனை சென்டருக்கும் இதே தலைவலிதான்."

வாடகைக்காரரின் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். அத்தனை சென்டருக்கும். கல்யாணத்துக்குக் காலம் நேரம் உண்டு, ஆய்வுக்கு அது கிடையாது. பெரிய அண்டாக்கள் நான்கையும் பந்தல் கம்புகளில் பாதியையும் விற்று, மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வந்தார்.

மனைவி பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"வேண்டாம்," என்றார் வாடகைக்காரர். "கோடு இருந்தா வாடகைச் சாமான்னு தெரிஞ்சுடும். சார் சொல்லிட்டாரு."

"கரண்டிக்குக் கோடு, கம்ப்யூட்டருக்குக் கோடு கிடையாதா? அண்டா இருந்தவரைக்கும் அதுல சோறாவது வெந்துச்சு. இதுல என்னத்தைங்க வேக வெக்கப் போறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். உங்களுக்குத் தெரியுமா, இதை எங்க அமுக்கினா எரியும்னு?"

தெரியாது. ஆனால் போகப் போகக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரால் என்ன செய்யலாம் என்பதையல்ல, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் என்ன நோய் என்பதை. ஒன்றுக்குப் பொத்தான் உள்ளே புதைந்து போயிருந்தது. தீக்குச்சியால் குத்தினால்தான் உயிர் வரும். இன்னொன்றின் விலாவில் தட்ட வேண்டும், அதுவும் பலமாகத் தட்டக் கூடாது. மூன்றுக்குத் திரையின் ஒயர் ஆட்டம் கண்டிருந்தது. அட்டையை மடித்துச் செருகினால் நிற்கும். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் எந்த நோயும் இல்லை. அதை எப்போதும் முன்வரிசையில் ஜன்னலோரம் வைப்பார். எல்லாத் திரைகளிலும் ஒரே அருவி விழுந்துகொண்டிருக்கும்.

தொழில் சூடு பிடித்தது. வாடகைக்காரருடைய மச்சினனிடம் ஒரு வேன் இருந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் பழைய போர்வைகளில் சுற்றிக்கொண்டு வட்டாரம் முழுவதும் பயணம் போயின. இன்று இந்த சென்டரில் அருவி விழும், நாளை அடுத்த ஊரில் விழும். திட்டத்தில் உண்மையில் நடமாடியது அந்த வேன் ஒன்றுதான்.

சென்டர் என்றால் ஓர் அறை. பெரும்பாலும் செயலாளர் வீட்டு மாடியோ, மூடிய கடையோ. வாசலை அடைக்கிற அகலத்தில் பேனர், உள்ளே பழைய காலண்டர் மாட்டிய ஆணி. பயிற்சி பெறுகிறவர்களும் தேவைப்பட்டார்கள். நாற்காலியோடு ஆளையும் சேர்த்து அனுப்பினால் கூடக் கொஞ்சம் கேட்கலாம் என்று கண்டுபிடித்த வாடகைக்காரர், தன் மனைவியையும் தெருப் பெண்களில் சிலரையும் வேனின் பின்னால் ஏற்றினார். அவர்கள் செய்ய வேண்டியது, வலது கையை மவுஸின் மேல் வைத்து அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பது. எப்போதாவது உள்ளே வருகிற மேலதிகாரி கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்.

"இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க," என்பாள் வாடகைக்காரரின் மனைவி. எத்தனை ஊரில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் சொல்கிற விதத்தில் சில அதிகாரிகளுக்குக் கண் கலங்கியிருக்கிறது.

அப்போதிருந்த ஆய்வு அலுவலரோ வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. படியில் நின்றபடியே மோவாயால் தலைகளை எண்ணுவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார். "நல்லா போயிட்டிருக்கு" என்பார். எது என்று யாரும் கேட்டதில்லை.

கட்டமைப்பு என்ற சொல்லுக்கும் ஏதாவது செய்தாக வேண்டுமே. அதற்காகத் தெருவைத் தோண்டினார்கள். தோண்டுவதற்கு ஒரு மானியம், கண்ணாடி இழை கேபிள் போடுவதற்கு ஒரு மானியம், பள்ளத்தை மூடுவதற்கு ஒரு மானியம். மூன்றும் மூன்று அலுவலகங்களின் பொறுப்பு. முதல் மானியம் வந்தது. இரண்டாவது வந்தபோது கேபிளைப் பள்ளத்தில் போடாமல் கம்பத்தில் வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டுப் போனார்கள். காக்கைகளுக்கு அது வசதியாயிருந்தது. மூன்றாவது மானியம் வரவில்லை. பள்ளம் வாடகைக்காரரின் கடை வாசலில் வாய் பிளந்து கிடந்தது. வேனை வெளியே எடுக்கும்போதெல்லாம் பலகை போட்டுத் தாண்ட வேண்டும்.

பிறகு பழைய அலுவலர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் ஒரு பெண். சேவையின் சென்டருக்குத்தான் முதல் ஆய்வு. படியில் நிற்பார் என்று எதிர்பார்த்து டீயைப் படிக்கே கொண்டுபோனார் சேவை. அந்தம்மா டீயையும் சேவையையும் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து, தோள்பையிலிருந்து ஒரு மஞ்சள் சுருளை வெளியே எடுத்தார்.

"இது என்ன மேடம்?" என்றார் சேவை.

"சொத்து ஸ்டிக்கர். புது உத்தரவு. மானியத்துல வாங்கின ஒவ்வொண்ணுலயும் நானே நேர்ல ஒட்டணும். நம்பரோட படம் எடுத்து ஏத்தணும். ஒட்டினதை உரிக்க முடியாது. உரிச்சா பொடிப்பொடியாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே முதல் பெட்டியின் நெற்றியில் ஒட்டிவிட்டார். அரசுச் சொத்து என்று பெரிதாகவும், அதன் கீழே எண்ணும் இருந்தன. மூலையில் போர்வைகளோடு நின்றிருந்த வாடகைக்காரர் அவற்றைக் கீழே போட்டார்.

"மேடம்..." என்று ஓர் அடி முன்னால் வைத்தார்.

சேவை அவருடைய காலை மிதித்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மிதித்தார், செருப்போடு.

"யார் இவரு?" என்றார் அலுவலர்.

"நாற்காலி போட வந்தவரு மேடம். வெள்ளந்தி. கம்ப்யூட்டரைப் பார்த்தா ஆச்சரியப்பட்டு நிப்பாரு."

அலுவலர் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனார். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து, விரலால் நீவிச் சரிசெய்தார். அந்தக் கவனத்தில் நூறில் ஒரு பங்கைப் பெட்டியின் வயதைப் பார்ப்பதில் செலவிட்டிருந்தால், இந்த ஆண்டு வாங்கியதாகச் சொன்ன பொருளின் முதுகில் எவ்வளவு தூசு அடைந்திருக்கிறது என்று கேட்டிருப்பார். ஸ்டிக்கர் நெற்றியில்தானே ஒட்ட வேண்டும்? முதுகைப் பார்க்கச் சொல்லி உத்தரவு இல்லை. பன்னிரண்டாவது கம்ப்யூட்டரின் முன்னால் வாடகைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கீங்களாம்மா?"

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் பெட்டியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க," என்றாள். "இனிமே தொடலாம்போல."

அலுவலர் போனதும் வாடகைக்காரர் போர்வையை விரித்தார். நாளை வேறோர் ஊரில் ஆய்வு. சேவை கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணே தூக்குறீங்க?"

"என்ன சார் கேள்வி? என் சாமானை நான் தூக்குறேன்."

"இந்த நம்பரோட இன்னொரு சென்டர்ல போய் நின்னா, ரெண்டு சென்டரும் மாட்டும். மாசாமாசம் அந்தம்மா வந்து படம் எடுக்குமாம். ஒண்ணு குறைஞ்சாலும் என் கழுத்துக்குக் கத்தி."

"அப்ப விலையைப் போட்டுக் குடுத்துடுங்க."

"பில் இருக்கா?"

"நீங்கதானே சார் பில் வேண்டாம்னீங்க!"

"அதான் கேக்குறேன். பில் இல்லாத பொருளுக்கு எப்படிண்ணே நான் விலை போடுறது? சேவைன்னு வந்துட்டோம், கணக்கு சுத்தமா இருக்கணும் இல்லையா?"

மச்சினன் வேனை வெறுமையாக ஓட்டி வந்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவி கல்லாவுக்குக் கீழே குனிந்து பெயிண்ட் டப்பாவை எடுத்து, அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நாள் முழுக்கத் திட்டியிருந்தாலும் அவருக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

ஆய்வுக்குக் கம்ப்யூட்டர் வராததால் அடுத்த ஊர்ச் செயலாளர் கத்தினார். அதற்கடுத்த ஊர்க்காரர் கத்தக்கூட இல்லை. பக்கத்து நகரத்தில் வேறொரு வாடகைக் கடைக்காரர் இருபது கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. அண்டாவும் போயிற்று, கம்பும் போயிற்று, பன்னிரண்டும் போயின. மிச்சமிருந்தது நாற்காலிகள்தான்.

"நேரா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடுங்க மச்சான்," என்றான் மச்சினன். "உண்மையைச் சொல்றதுக்கு என்ன பயம்?"

"உண்மையைச் சொல்லத்தான் போறேன்," என்று சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

அலுவலரின் அறையில் எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. மின்விசிறியில், அலமாரியில், குப்பைக்கூடையில். உட்காரச் சொன்ன நாற்காலியிலும் இருந்தது. அதன் மேல் உட்காரலாமா என்று யோசித்து நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், சேவை சார் சென்டர்ல பன்னிரண்டு கம்ப்யூட்டர் இருக்கு பாருங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"அது யாரோடதுன்னு..."

"அரசாங்கத்தோடது."

"அதுக்கு முன்னாடி?"

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "முன்னாடின்னா? யாராவது உரிமை கொண்டாடுறாங்களா? இருந்தா சொல்லுங்க. மானியத்துல வாங்காம வாடகைக்கு எடுத்துக் கணக்கு காட்டியிருந்தா, காட்டினவரும் குத்தவாளி, வாடகைக்குக் குடுத்தவரும் குத்தவாளி. ரெண்டு பேரையும் சேர்த்தே உள்ள தள்ளிடலாம். யாரு அது?"

வாடகைக்காரர் திருதிருவென்று விழித்தார். கல்யாண வீட்டுச் சமையலறை வரைக்கும் போய்க் கரண்டியை மீட்ட மனிதர், துக்க வீட்டில் அழுகையை நிறுத்தி நாற்காலியைக் கேட்ட மனிதர், ஓர் அடி பின்னால் வைத்தார்.

"அது ஒண்ணுமில்லைங்க மேடம். உங்க ஆபீஸ்ல கூட்டம் கீட்டம் நடந்தா நாற்காலி வேணுமான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"நாற்காலியா? அடுத்த வாரம் வேணுமே! வட்டார மின்னணு முன்னேற்றக் கருத்தரங்கு."

கருத்தரங்குக்கு நாற்காலி போட்டார். மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த பேனரில் அவருடைய பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் அருவியோடு இருந்தன. அவற்றின் நடுவில் சேவை சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும் வரை வாடகைக்காரர் பின்வரிசையில் நின்று தன் நாற்காலிகளைக் காவல் காத்தார். அலுவலரின் தோள்பை திறக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

இதற்கு நடுவே, யாரும் திட்டமிடாத ஒரு விபத்து நடந்தது. சென்டர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

மாதாமாதம் படம் எடுக்க வேண்டும், படத்தில் ஆள் இருக்க வேண்டும், திரையில் அருவி அல்லாமல் வேறு ஏதாவது தெரிய வேண்டும் என்று உத்தரவு. வேறு வழியில்லாமல் சேவை கதவைத் தினமும் திறந்து வைத்தார். சொந்த அண்ணன் மகளைக் கொண்டுவந்து சொல்லிக்கொடுக்க உட்காரவைத்தார். சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவளுடைய தகுதி. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருந்தது. சேவை அதை எதிர்பார்க்கவில்லை. கம்பத்தில் தொங்கிய கேபிளை நம்பாமல் தன் கைபேசியிலிருந்தே இணைப்புக் கொடுத்தாள். கம்ப்யூட்டர்களின் நோய்களுக்கு வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் என்பதால், வாடகைக்காரரைச் சொற்பக் கூலிக்குப் பராமரிப்பாளராக வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் போய்த் தன் பொருளைத் தானே தீக்குச்சியால் எழுப்பிவிட்டு வந்தார்.

"கைய வெக்குறப்ப ஸ்டிக்கர்ல படாம வைங்கண்ணே," என்பார் சேவை. "அரசாங்கச் சொத்து."

வாடகைக்காரரின் மனைவி ஒரு நாள் தவறாமல் போனாள். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் அவளுடையதாயிற்று. முதலில் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்தினாள், பிறகு தேடாமல் அடித்தாள். அடிக்கத் தெரிந்ததும் முதலில் எழுதியது கடை வாசல் பள்ளத்தைப் பற்றிய புகார். பதில் வந்தது. புகார் தீர்க்கப்பட்டது என்று திரையில் பச்சையாகத் தெரிந்தது. அந்த அம்மாள் எழுந்து வீட்டுக்கு நடந்து போய்ப் பள்ளத்தைப் பார்த்தாள். பள்ளம் இருந்தது. திரும்பி வந்து, "தீரவில்லை" என்று எழுதி அனுப்பினாள். மறுபடியும் தீர்க்கப்பட்டது என்றார்கள். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்.

"அவனுங்களும் விடமாட்டேங்குறானுங்க, நானும் விடமாட்டேன்," என்றாள் கணவனிடம். அவள் முகத்தில் வாடகைக்காரர் இதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம் இருந்தது. கரண்டியைத் தேடிப் போகும்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மாதமோ நான்காவதோ, வாடகைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்ட நாளில் அலுவலர் வந்தார். புதைந்த பொத்தான் உள்ள கம்ப்யூட்டரை அலுவலர் விரலால் அழுத்தினார். எரியவில்லை. இரண்டாம் முறை அழுத்தவில்லை. தோள்பையிலிருந்து ஒரு சிவப்புச் சுருள் வெளியே வந்தது. கழிவு என்று எழுதிய ஸ்டிக்கரை மஞ்சளின் மேல் நேராக ஒட்டினார்.

"ரிப்பேர் பண்ணலாமே மேடம்?" என்றாள் அண்ணன் மகள்.

"இந்தத் திட்டத்துல வாங்குறதுக்குக் கணக்குத் தலைப்பு இருக்கு, கழிக்கிறதுக்குத் தலைப்பு இருக்கு. ரிப்பேருக்கு இல்ல. இதைப் பழைய சாமான் கணக்குல யாராவது எடுத்துக்கட்டும், ரசீது தர்றேன்."

"கழிச்சா அதுக்குப் பதிலா புதுசு வருமா மேடம்?" என்று சேவை கேட்டார். அவர் குரலில் சேவை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

"இரண்டாம் கட்ட மானியத்துல விண்ணப்பிக்கலாம். பாதிக்கு மேல பழுதானா மொத்த சென்டருக்கும் புதுசா ஒதுக்குவாங்க."

அன்று மாலையே சேவை வாடகைக்காரரின் வீட்டுக்கு வந்து, கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

"மொத்தமும் கழிவுன்னு ஆயிடுச்சுன்னா, ரசீதோட உங்களுக்கே போட்டுடச் சொல்றேன்ணே. சட்டப்படி உங்க சாமான்."

"உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டாம் கட்டம். அப்புறம் ஆய்வுக்கு ஆள் வந்தா, வாடகைக்கு யார்கிட்ட வரப்போறேன்? உங்ககிட்டத்தானே?"

காய்ச்சல் இறங்கிய மாதிரி இருந்தது வாடகைக்காரருக்கு.

எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. வைத்தியத்தை நிறுத்தினால் போதும். அடுத்த ஆய்வு நாள் காலையில் அவர் செருகியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விலாவில் தட்டவில்லை. அலுவலர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றும் இருட்டாகவே இருந்தது. பாதியைத் தாண்டியதும் அழுத்துவதை நிறுத்திவிட்டு ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொண்டு போனார்.

ஜன்னலோரக் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. வாடகைக்காரரின் மனைவி அதில் பள்ளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கைக்கு மேலாகக் கையை நீட்டி அலுவலர் சிவப்பை ஒட்டினார்.

"மேடம், இது ஓடுதே! நான் எழுதிட்டிருக்கேனே!"

"விதிப்படி மொத்தமும்தாம்மா. எழுந்திருங்க."

"ஓடுறது எப்படிங்க கழிவாகும்?"

"கவலைப்படாதீங்க, புதுசு வரும். உங்களுக்கு இதுக்கு முன்னாடி பயிற்சி..." அலுவலர் அவளை எங்கோ பார்த்ததுபோல நெற்றியைச் சுருக்கினார். பிறகு விட்டுவிட்டார். நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு இல்லை.

அந்த அம்மாள் எழுந்தாள். கணவனுடைய சட்டைப்பையில் மடித்த அட்டைகளின் நுனிகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள். கதவில் சேவை பூட்டுப் போட்டார். அண்ணன் மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பன்னிரண்டும் ரசீதோடு வீட்டுக்கு வந்தன. அடுத்த வாரமே இன்னோர் ஊரில் ஆய்வு. வாடகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நகரத்துக்காரரின் இருபதுக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்களாம், வட்டாரத்தில் ஸ்டிக்கர் இல்லாத கம்ப்யூட்டர் இனி இவரிடம்தான். உட்கார்ந்து, மஞ்சளையும் சிவப்பையும் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கித் துடைத்தார். கழிவை எப்படியும் சுரண்டலாம், யாரும் கேட்க முடியாது. மறுபடியும் மஞ்சள் ஒட்டினாலும் கவலையில்லை, வைத்தியத்தை நிறுத்தினால் மறுபடியும் கழிவாகிவிடும்.

"நாளைக்கு ஆள் குறையுது," என்றார் மனைவியிடம். "நீயும் வந்துடு. முன்வரிசை."

"வந்து?"

"எப்பவும் போலத்தான். தொட்டதில்லைன்னு சொல்லணும், அவ்வளவுதானே."

மனைவி எழுந்து கல்லாப் பக்கம் போனாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மச்சினனை அழைத்துக்கொண்டு போர்வைகளோடு கூடத்துக்கு வந்தார். பதினொரு கம்ப்யூட்டர்கள் சுவரோரம் இருந்தன. பன்னிரண்டாவது, நோயில்லாதது, சாப்பாட்டு மேசையின் மேல் ஏறியிருந்தது. அதன் இரு விலாவிலும், தலையிலும், திரையின் முதுகிலும், மவுஸின் சின்ன முதுகிலும்கூட இரண்டிரண்டு பச்சைக் கோடுகள். சுண்டுவிரல் அகலம், ஒன்றையொன்று தொடாமல், இம்மியும் நடுங்காமல். பெயிண்ட் இன்னும் காயவில்லை. மனைவி அதன் முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். இணைப்புக்குக் கைபேசி பக்கத்தில் இருந்தது.

"அடிப்பாவி! இதை இனிமே எவன் வாடகைக்கு எடுப்பான்?"

"எவனும் எடுக்க வேண்டாம்னுதான்."

"பெயிண்ட் கரைக்கிற தின்னர் எங்க? மச்சான், தின்னர் கொண்டா!"

"தொட்டுப் பாருங்க," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோடு போட்ட சாமான் காணாம போச்சுன்னா நான் எதுவரைக்கும் வருவேன்னு உங்களுக்குத் தெரியும். உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன். அந்தம்மா ஆபீஸுக்கும் எனக்கு வழி தெரியும். அங்க போய் நாற்காலி வேணுமான்னு கேட்டுட்டு வர்ற ஆளு நான் இல்ல."

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு போர்வையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். வாடகைக்காரர் ஈரமான கோட்டின் பக்கம் விரலைக் கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டார். பிறகு வெளியே போய் அடுத்த ஊர்ச் செயலாளரைக் கைபேசியில் அழைத்தார்.

"சார், பன்னிரண்டுல ஒண்ணு குறையுது சார்."

"அதனால என்னண்ணே? ஒரு அட்டைப்பெட்டியைத் துணி போட்டு மூடிக் கொண்டாங்க. மேல ஒரு மவுஸை வெச்சா போதும். அந்தம்மா அது மேலயே நேரா ஸ்டிக்கர் ஒட்டும், தூக்கியா பார்க்கப் போகுது?"

பதினொரு கம்ப்யூட்டரும் ஓர் அட்டைப்பெட்டியும் வேனில் ஏறின. பின்சக்கரம் பலகையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் இறங்கியது. இரண்டு ஆண்களும் இறங்கி, தோளைக் கொடுத்து, மூச்சு முட்டத் தள்ளினார்கள். ஜன்னல் வழியாக விசைகள் அடிபடும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இம்முறை அவள் புகாரோடு, கைபேசியில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்தாள். பள்ளம், அதில் சாய்ந்த வேன், வேனைத் தள்ளும் தன் கணவனின் முதுகு.